பள்ளி அலுவலகப் பீரோவுக்குள் இருந்த இன்ஹேலர்

ஆஸ்துமா உள்ள பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அழைப்பு ஏதும் வந்திருக்கிறதா என்று வேலைக்கு நடுவே கைப்பேசியை எடுத்து எடுத்துப் பார்க்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். என் மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது நாங்கள் பட்ட பாட்டில் பெரும்பகுதி நோயால் வந்ததல்ல. மருந்து ஓரிடத்திலும் பிள்ளை வேறோரிடத்திலும் இருந்ததால் வந்தது. அப்போது என் கணவர் மஸ்கட்டில் வேலையில் இருந்தார். கோவையில் நானும் மகளும் மட்டும்தான். பள்ளியிடம் என்ன கேட்டு வாங்க வேண்டும், மருத்துவரிடம் எதை எழுதித் தரச் சொல்ல வேண்டும், காப்பீட்டில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று சொல்ல ஒருவரும் இல்லை.

இரண்டு வயதிலிருந்தே அவளுக்குச் சளி பிடித்தால் நெஞ்சுக்குள் விசில் அடிப்பதுபோல் சத்தம் கேட்கும். ஜூன் பிறந்து, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் குளிர்ந்த காற்று வீசத் தொடங்கினால், ஆடி முடியும்வரை எங்கள் வீட்டில் இரவுத் தூக்கம் கிடையாது. பள்ளி திறப்பதும் அதே மாதம் என்பதால் வகுப்பில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் சளியும் சேர்ந்துகொள்ளும். பக்கத்துக் கிளினிக்கில் நெபுலைசர் வைப்பார்கள். ஒரு சிரப்பும் ஆன்டிபயாட்டிக்கும் எழுதுவார்கள். இரண்டு நாளில் தெளிவாள். சில வாரங்களில் மறுபடியும் அதே கதை. ஒவ்வொரு முறையும் 500, 600 ரூபாய் போகும், அதோடு அரை நாள் சம்பளமும் போகும். சொந்தபந்தங்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். என் அம்மா ஆடாதொடைக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். ஒரு சித்தப்பா, ஹைதராபாத்துக்குக் கூட்டிப்போய் மீன் மருந்து விழுங்க வைக்கலாம் என்றார். இன்ஹேலர் என்று பேச்செடுத்தால் மட்டும் எல்லாரும் ஒரே குரலில், "அதைப் பழக்கிவிடாதே கண்ணு, அப்புறம் விடவே முடியாது" என்றார்கள்.

குழந்தைகளுக்கான நுரையீரல் மருத்துவர் ஒருவரிடம் போன பிறகுதான் இதன் அடிப்படையே எனக்குப் புரிந்தது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள அழற்சி, பிள்ளை நன்றாக ஓடியாடும் நாட்களிலும் இருந்துகொண்டேதான் இருக்கிறது. சால்புடமால் போன்ற நிவாரண மருந்து, இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தி மூச்சைத் திறந்துவிடும். அழற்சியை அது தொடாது. அழற்சியை அடக்குவது புடசொனைடு போன்ற தடுப்பு மருந்து. அது பிள்ளை நன்றாக இருக்கும்போதும் தினமும் உள்ளே போக வேண்டும். நெபுலைசர் வைத்துவிட்டு வந்த அத்தனை ஆண்டுகளிலும் இந்த இரண்டாவது மருந்தை ஒருவரும் எழுதவில்லை. உலக அளவில் ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டும் ஜினா அமைப்பு, 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு நிவாரண மருந்தை மட்டும் தனியாகக் கொடுப்பதை 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. சிறு பிள்ளைகளுக்கும் அடிக்கடி இரைப்பு வந்தால் தடுப்பு மருந்து வேண்டும் என்பதே அதன் நிலை. பழக்கமாகிவிடும் என்ற அச்சம் பற்றிக் கேட்டதற்கு அந்த மருத்துவர் ஒன்று சொன்னார்: வாய்வழியாகக் கொடுக்கும் சிரப் உடம்பு முழுவதும் சுற்றி, கை நடுக்கத்தையும் படபடப்பையும் தந்து, கடைசியில்தான் நுரையீரலை எட்டுகிறது, இன்ஹேலரில் போவதோ மைக்ரோகிராம் கணக்கில், போக வேண்டிய இடத்துக்கே நேராகப் போகிறது.

இன்ஹேலரைப் போடும் முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருந்துக்கடையில் அதை யாரும் கற்றுத்தர மாட்டார்கள். பிள்ளைகளுக்கு ஸ்பேசர் என்ற குழாய் அவசியம். அது இல்லாமல் வாயில் நேரடியாக அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே படிந்துவிடும். குப்பியை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் பொருத்தி, ஒரு பஃப் (ஒருமுறை அழுத்தினால் வரும் மருந்து) மட்டும் அடித்து, ஐந்தாறு முறை நிதானமாக மூச்சை இழுத்து விடச் சொல்ல வேண்டும். இரண்டாவது பஃப் வேண்டுமானால் மறுபடியும் குலுக்கிவிட்டு அதேபோல் செய்ய வேண்டும். இரண்டையும் சேர்த்து அடிப்பதில் பயனில்லை. தடுப்பு மருந்துக்குப் பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். ஸ்பேசரைச் சோப்புநீரில் கழுவி, துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிட வேண்டும். துடைத்தால் உட்புறத்தில் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். கையில் ஸ்பேசர் இல்லாதபோது, 500 மி.லி. பிளாஸ்டிக் குளிர்பானப் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் நுழையும் அளவுக்குத் துளையிட்டுப் பயன்படுத்தலாம். தென்னாப்பிரிக்கக் குழந்தை மருத்துவர்கள் இதைச் சோதித்து, கடையில் விற்கும் ஸ்பேசருக்கு இணையாகப் பலன் தருவதாக 1999இல் வெளியிட்டிருக்கிறார்கள். உறையின் நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், எது நிவாரண மருந்து, எது தடுப்பு மருந்து என்பதைப் பெயரைப் படித்தே பிள்ளைக்குப் பழக்குங்கள். மருந்து தீர்ந்துவிட்டதா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது நம்பத்தக்க முறை அல்ல. 200 பஃப் உள்ள குப்பியில் தினமும் நான்கு பஃப் போட்டால் 50 நாளில் தீரும். தொடங்கிய தேதியைக் குப்பியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

வீட்டில் இவ்வளவும் சரியாக நடக்கத் தொடங்கி, மகள் இரவில் இருமாமல் தூங்கத் தொடங்கிய பிறகுதான் பள்ளியில் அது நடந்தது. அது ஒரு தனியார் பள்ளி. மாணவர்கள் பையில் எந்த மருந்தும் வைத்திருக்கக் கூடாது என்பது அங்கே விதி. காய்ச்சல் மாத்திரை, இருமல் சிரப் எல்லாவற்றுக்கும் பொருந்தும் அதே விதியில் நிவாரண இன்ஹேலரையும் சேர்த்துவிட்டார்கள். ஜூன் மாதம் ஸ்பேசரோடு சேர்த்து அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, தேவைப்பட்டால் ஆசிரியர் எடுத்துக்கொடுப்பார் என்ற உறுதிமொழியோடு வந்தேன்.

ஜூலையில் ஒருநாள் விளையாட்டு வகுப்பில் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டிருக்கிறார்கள். காலையிலிருந்தே புழுதிக் காற்று. இரண்டாம் சுற்றில் அவளுக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். அவள் இன்ஹேலர் வேண்டும் என்று கேட்டதும் ஒரு மாணவியை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். பீரோ சாவி வைத்திருந்தவர் வங்கிக்குப் போயிருந்தார். வேறு சாவி இல்லை. என்னை அழைத்தார்கள். ஆம்புலன்ஸை அழைக்கவில்லை. நான் ஸ்கூட்டரில் போய்ச் சேரும்வரை அவள் படிக்கட்டில், இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தெலும்புக்கு மேலே உள்ள குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்துக்கொண்டது. "அம்மா" என்ற ஒரு சொல்லைக்கூட முழுதாகச் சொல்ல முடியவில்லை. உதட்டோரம் நீலம் பாரித்திருந்தது. என் கைப்பையில் இருந்த இன்னொரு இன்ஹேலரை எடுத்து, ஸ்பேசர் இல்லாமல், காகிதத்தைச் சுருட்டிக் குழாயாக்கி அடித்துக்கொண்டே ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போனோம். பின்னாளில் பள்ளி எங்களிடம் திருப்பிக் கொடுத்த அந்த மற்ற இன்ஹேலரில், நான் ஒட்டிய பெயர்ச் சீட்டு அப்படியே இருந்தது. அட்டைப்பெட்டியின் முத்திரைகூட உடைக்கப்படவில்லை.

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆக்சிஜனும் தொடர் நெபுலைசரும் கொடுத்து மீட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருந்த அந்த இரவில் எனக்கு வந்தது அழுகை அல்ல, கோபம். 100 அடி தூரத்தில் மருந்து இருந்தும் என் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை. மருத்துவமனைக் கட்டணம் 82,000 ரூபாய் வந்தது. என் அலுவலகத்தின் குழுக் காப்பீடு 51,000 ரூபாய் கொடுத்தது. கையுறை, முகமூடி, நெபுலைசர் கிட் முதலியவற்றையும், அறை வாடகையில் வரம்பை மீறிய பகுதியையும் கழித்துவிட்டார்கள். மீதி 31,000 ரூபாயை நகைக்கடன் வைத்துக் கட்டினேன். இதில் என் மனத்தை அறுப்பது வேறொரு கணக்கு. நான் வாங்கும் தடுப்பு இன்ஹேலர் ஒன்றின் விலை 300 ரூபாய்க்குச் சற்று மேல். ஆண்டுக்கு ஏழெட்டு வாங்கினால் 2,500 ரூபாய். அந்தத் தொகையில் ஒரு ரூபாயைக்கூட என் காப்பீடு தராது, அது வெளிநோயாளிச் செலவு என்பதால். அதே பிள்ளை மூச்சுமுட்டிப் படுக்கையில் விழுந்தால் அரை லட்சம் தரும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தந்தாலும், பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்கானதுதான். காப்பீடு வைத்திருப்பவர்கள், வெளிநோயாளிச் செலவுக்கான கூடுதல் பிரிவு தங்கள் பாலிசியில் உண்டா என்று புதுப்பிக்கும் நேரத்தில் கேட்டுப் பாருங்கள். புதிதாக எடுப்பவர்கள் ஆஸ்துமாவை மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் 36 மாதம்தான், முன்பு அது 48 மாதமாக இருந்தது. மறைத்தால் அந்தக் காலம் முடிந்த பிறகும் மறுப்பதற்குக் காரணம் கிடைத்துவிடும்.

மகள் தேறி வந்ததும் பள்ளி முதல்வரைப் போய்ப் பார்த்தேன். அவர் வருத்தம் தெரிவித்தார். ஆனால், "ஆசிரியர் மருந்து கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு, மேடம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் அலட்சியப்படுத்த விரும்பவில்லை. அவருடைய அச்சம் உண்மையானது. அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் சட்டம் இயற்றுபவர்கள்தான். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2012 அக்டோபரில் ரயன் கிப்பன்ஸ் என்ற 12 வயதுச் சிறுவன் பள்ளியில் மூச்சுத்திணறி இறந்தான். அவனுடைய இன்ஹேலரும் அலுவலக அறையில்தான் இருந்தது. அவன் தாய் விடாமல் போராடி, 2015இல் ரயன் சட்டம் நிறைவேறியது. பெற்றோர் ஒப்புதலோடு பிள்ளை இன்ஹேலரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு ஆஸ்துமாப் பிள்ளைக்கும் தனித் திட்டம் இருக்க வேண்டும், நல்லெண்ணத்தோடு மருந்து கொடுத்த ஊழியர்மேல் இழப்பீட்டு வழக்கு போட முடியாது என்பவை அதன் சாரம். எங்கள் பள்ளி முதல்வரின் கேள்விக்கு நேர்விடை அந்தக் கடைசி விதி. இங்கிலாந்தில் 2014 அக்டோபர் முதல், மருந்துச்சீட்டு இல்லாமலே பள்ளிகள் அவசரத்துக்கெனச் சால்புடமால் இன்ஹேலர் வாங்கி வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் பிள்ளை தன் இன்ஹேலரைத் தானே எடுத்துச் செல்லச் சட்டம் இடம் தருகிறது.

நம் நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லாத நிலையில் பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் நன்மைக்காக, காப்பாளரின் சம்மதத்தோடு, நல்லெண்ணத்தில் செய்த செயல் குற்றமாகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 27ஆம் பிரிவு சொல்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் இது 89ஆம் பிரிவாக இருந்தது. இது இழப்பீட்டு வழக்குகளுக்குப் பொருந்தாது, குற்ற வழக்குக்கு மட்டுமே காப்பு. இருந்தாலும் எங்கள் குடியிருப்பில் உள்ள வழக்கறிஞர் ஒருவர் இதைக் குறிப்பிட்டு எழுதித் தந்த ஒப்புதல் கடிதத்தைக் கொடுத்த பிறகுதான் பள்ளியின் பேச்சு மாறியது. வாய்ச்சொல்லாகக் கேட்டபோது கிடைக்காதது, எழுத்தில் கையெழுத்தோடு கொடுத்தபோது கிடைத்தது.

அந்தக் கடிதத்தோடு மருத்துவர் கையெழுத்திட்ட ஒரு பக்கத் திட்டத்தையும் கொடுத்தேன். இதுதான் நான் எல்லாரையும் கேட்டு வாங்கச் சொல்லும் முதன்மையான தாள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பகுதிகள்: சாதாரண நாளில் என்ன மருந்து, இருமலும் இரைப்பும் தொடங்கினால் எத்தனை பஃப், எந்த அறிகுறி கண்டால் காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். சிவப்புப் பகுதியில், பேச முடியாமை, விலா எலும்புகளுக்கிடையே சதை உள்வாங்குதல், உதடு நீலமாதல், மருந்து கொடுத்தும் தணியாமை ஆகிய நான்கையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னேன். அவசரத்தில் எத்தனை பஃப் என்பதை உங்கள் பிள்ளையின் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆஸ்திரேலியாவில் முதலுதவியாகக் கற்றுத்தரும் முறை ஆசிரியர்களுக்கு எளிதில் நினைவில் நிற்கும் என்பதால் எங்கள் மருத்துவரும் அதையே எழுதித் தந்தார்: நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பேசர் வழியாக ஒவ்வொன்றாக நான்கு பஃப், ஒவ்வொரு பஃப்புக்கும் நான்கு மூச்சு, பிறகு நான்கு நிமிடம் பார்த்தல், தணியவில்லை என்றால் மறுபடியும் அதேபோல் நான்கு பஃப், அப்போதும் தணியவில்லை என்றால் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை அதையே தொடர்தல். படுக்கவைக்கக் கூடாது. தனியாக ஓய்வறைக்கு அனுப்பக் கூடாது. பெற்றோரை அழைப்பது இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

இப்போது ஓர் இன்ஹேலரும் ஸ்பேசரும் அவள் பையில் சிறு ஜிப் பையில் இருக்கின்றன. இன்னொன்று வகுப்பறையில் பூட்டில்லாத மேசை இழுப்பறையில் இருக்கிறது. விளையாட்டு ஆசிரியர் மைதானத்துக்குப் போகும்போது அந்த ஜிப் பையும் உடன் போகிறது. வகுப்பாசிரியருக்கும் அவருக்கும் பள்ளி வேன் உதவியாளருக்கும் நான் நேரில் போட்டுக் காட்டினேன். அவர்களையும் காலிக் குப்பியில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். விளையாட்டு சார் முதலில் தயங்கினார். தன் தம்பி மகனுக்கும் இதே தொல்லை என்று பிறகு சொல்லி, இரண்டாம் முறை அவராகவே கேட்டுச் செய்து பார்த்தார். விளையாட்டிலிருந்து அவளை விலக்கிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். நோய் கட்டுக்குள் இருக்கும் பிள்ளை ஓடலாம், நீந்தலாம். ஓரமாக உட்காரவைப்பது சிகிச்சை அல்ல. ஒவ்வொரு ஜூனிலும் வகுப்பாசிரியர் மாறுவார் என்பதால் இவை அனைத்தையும் ஆண்டுதோறும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

ஆனால் இது ஒரு தாயின் அலைச்சலில் நிற்கும் ஏற்பாடாகவே இருந்தால் போதாது. தினக்கூலிக்குப் போகும் ஒரு பெண், வழக்கறிஞரையும் சிறப்பு மருத்துவரையும் பிடித்து இதைச் செய்ய முடியுமா? உலகில் ஆஸ்துமாவால் இறப்பவர்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் இந்தியாவில் இறக்கிறார்கள் என்று மதிப்பீடுகள் சொல்கின்றன. 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. எனும் மத்திய அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில், கண்டறிய வேண்டிய நோய்களின் பட்டியலிலேயே மூச்சுக்குழாய் இறுக்கமும் இருக்கிறது. நடமாடும் மருத்துவக் குழு அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வர வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ஆகவே கண்டறியும் கை ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் குழு ஒரு பிள்ளைக்கு ஆஸ்துமா என்று குறித்ததும், அதே பதிவிலிருந்து ஒரு பக்கத் திட்டமும் பள்ளி முதலுதவிப் பெட்டிக்கு ஓர் இன்ஹேலரும் ஸ்பேசரும் போய்ச் சேர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பு இன்ஹேலர் தடையில்லாமல் கிடைக்க வேண்டும். தனியார் பள்ளிகளுக்கு இந்தப் பரிசோதனை கிடையாது என்பதால், பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கையில் எல்லாப் பள்ளிகளையும் சேர்த்து, நிவாரண இன்ஹேலரை மருந்துத் தடை விதியிலிருந்து விலக்க வேண்டும். ஆசிரியருக்குச் சட்டப் பாதுகாப்பும் அதிலேயே தொடங்க வேண்டும். பின்லாந்து 1994 முதல் பத்தாண்டுகள் ஒரு தேசிய ஆஸ்துமாத் திட்டத்தை நடத்தி, தடுப்பு மருந்தை முன்கூட்டியே தொடங்குவதையும் ஆரம்ப நிலை மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்களுக்குப் பயிற்சி தருவதையும் முறையாகச் செய்தது. மருத்துவமனைப் படுக்கை நாட்கள் பெருமளவு குறைந்தன, ஒரு நோயாளிக்கான செலவும் குறைந்தது.

காற்றைப் பற்றியும் பள்ளிகள் யோசிக்க வேண்டும். லண்டனில் நெரிசலான சாலைக்கருகே வசித்த எலா கிஸ்ஸி-டெப்ரா என்ற 9 வயதுச் சிறுமி 2013இல் ஆஸ்துமாவால் இறந்தாள். காற்று மாசும் அந்த மரணத்துக்குக் காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். நம் பள்ளி வாசல்களில் மாலை மூன்றரை மணிக்கு வேன்கள் எஞ்சினை அணைக்காமல் வரிசையாக நிற்பதை எல்லாரும் பார்க்கிறோம். உதிர்ந்த இலைகளை வளாகத்திலேயே கூட்டி எரிப்பது, வகுப்பு நடக்கும்போதே ஒட்டடை அடிப்பது, கொசுவர்த்தி கொளுத்துவது ஆகியவற்றை நிறுத்தப் பணம் செலவாகாது. எங்கள் பள்ளியில் இலை எரிப்பதை நிறுத்திவிட்டார்கள். வேன் எஞ்சின் விஷயம் இன்னும் பேச்சளவில்தான் இருக்கிறது.

அதே பள்ளியில் ஆஸ்துமா உள்ள மற்றப் பிள்ளைகளின் பெற்றோரை வகுப்பு வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகத் தேடியபோது, நான் எண்ணியதைவிடப் பல மடங்குப் பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் பள்ளியிடம் நோயைச் சொல்லவே இல்லை. பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணப் பேச்சில் அடிபடும் என்று ஒருவர் தயங்கிச் சொன்னார். நாங்கள் சேர்ந்து, சேர்க்கைப் படிவத்தில் ஆஸ்துமாவுக்கும் அவசர மருந்துக்கும் ஒரு பத்தி சேர்க்க வேண்டும், பள்ளி முதலுதவிப் பெட்டியில் ஸ்பேசர் வைக்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் மனுக் கொடுத்தோம். ஸ்பேசர் வந்துவிட்டது. படிவத்தில் அந்தப் பத்தி இன்னும் வரவில்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மறுபடியும் கேட்கப்போகிறோம். மனுவின் நகல் ஒன்றை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம்.